எல்லா வலிக்கும் வைட்டமின் டி-யா?

உடம்பு வலியையும் வைட்டமின் டி-யையும் முடிச்சுப் போட்டுக் கேட்ட கடிதங்கள்தான் இந்த மாதம் அதிகம். அவற்றில் சிலவற்றுக்கு மூட்டு, தசை நோய் மருத்துவர் அளித்த பதில்கள் இங்கே.

கேள்வி: டாக்டர், எனக்கு 44 வயது. பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். இரண்டு வருடமாக உடம்பெல்லாம் வலி. இடுப்பு, தொடை, முதுகு, இன்ன இடம் என்று காட்டத் தெரியவில்லை. வலி மாத்திரை போட்டால் அன்றைக்குப் பரவாயில்லை, மறுநாள் பழையபடிதான். போன மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வைட்டமின் டி 11 என்று வந்தது. “இத்தனை வலிக்கும் இதுதான் காரணம், எட்டு வாரம் சாஷே சாப்பிட்டால் பறந்துவிடும்” என்று லேபில் இருந்த பெண்ணே சொல்லிவிட்டாள். நாலு பாக்கெட் முடிந்துவிட்டது. வலி அப்படியே இருக்கிறது. டி குறைந்தால் இப்படி வலிக்குமா, வலிக்காதா? – எஸ்.எம்., திருப்பூர்

பதில்: வலிக்கும். ஆனால் உங்களுக்கு வலிப்பது அதனால்தானா என்பதை அந்த 11 மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது, லேபில் இருந்த பெண் உட்பட.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் செக்கிங் டேபிளில் உங்களோடு நிற்கிற, ஒரு வலியும் இல்லாத பத்துப் பேருக்கு இதே பரிசோதனையைச் செய்து பாருங்கள். அவர்களிலும் பலருக்கு 20க்குக் கீழேதான் வரும். விடிவதற்குள் சமையலை முடித்து, கம்பெனி வண்டி பிடித்து, ஒன்றரை ஷிப்ட் முடித்து இருட்டியபின் வீடு திரும்புகிறவர்களுக்கு வெயில் எங்கே படும்? 2000-இல் தில்லியில் ஆரோக்கியமானவர்களிடம் நடந்த ஆய்விலேயே இந்தக் குறைவு பரவலாக இருந்தது தெரியவந்தது. ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிற ஒன்று வலி உள்ளவரிடமும் இருக்கத்தான் செய்யும். இருக்கிறது என்பதாலேயே அதுதான் குற்றவாளி என்று ஆகிவிடாது.

இந்தக் குழப்பத்தில் டாக்டர்களுக்கும் பங்கு உண்டு. 2003-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்திலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. காரணம் பிடிபடாத எலும்பு, தசை வலியோடு ஒரு கிளினிக்குக்கு வந்த 150 பேரைப் பரிசோதித்ததில் 93 சதவீதம் பேருக்கு வைட்டமின் டி குறைவு. “வலியா, டி-யைப் பாருங்கள்” என்ற பேச்சு பரவியதில் அந்த 93-க்குப் பெரிய பங்கு உண்டு. அதே ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வலி இல்லாதவர் ஒருவரும் சேர்க்கப்படவில்லை என்பது அந்த அளவுக்குப் பரவவில்லை. இன்னொன்றும் உண்டு. வலியோடு இருப்பவர் வெளியே போவது குறையும், எடை கூடும். கூடிய கொழுப்பு வைட்டமின் டி-யைத் தன்னிடமே இழுத்து வைத்துக்கொள்ளும். டி குறைந்ததால் வலி வந்ததா, வலி வந்ததால் டி குறைந்ததா என்பதை ஒரு தடவை எடுத்த ரத்தம் காட்டாது.

சரி, மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். நாள்பட்ட வலி உள்ளவர்களுக்கு வைட்டமின் டி-யோ வெறும் மாத்திரையோ கொடுத்து ஒப்பிட்ட 10 ஆய்வுகளை, மொத்தம் 811 பேர், காக்ரேன் அமைப்பு 2015-இல் ஒன்றாக வைத்து அலசியது. வெறும் மாத்திரையைவிட வைட்டமின் டி வலியைக் குறைக்கிறது என்று சொல்லும்படி சீரான பலன் எதுவும் அகப்படவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு “அப்படியானால் டி குறைவுக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லை” என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. அங்கேதான் உங்களைப் போன்ற பெண்கள் பலர் வருடக்கணக்கில் ஏமாந்து போகிறார்கள். ஆஸ்டியோமலேசியா என்று ஒரு நோய் இருக்கிறது. குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் வந்து கால் வளைவது தெரியும் அல்லவா, அதுவே பெரியவர்களுக்கு வந்தால் இந்தப் பெயர். நம் எலும்பு நாள்தோறும் பழையதைக் கரைத்துப் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கிறது. கம்பி கட்டிக் கலவை கொட்டிய பிறகு சிமென்ட் இறுகாமலேயே நின்றுவிட்டால் கூரை என்ன ஆகும்? டி மிகக் குறைந்து பல காலம் ஆனவர்களின் எலும்பு அப்படித்தான் ஆகிறது. புதிதாகக் கட்டிய பகுதியில் கால்சியமும் பாஸ்பரஸும் ஏறுவதில்லை. எலும்பு நோகும், அதைச் சுற்றியுள்ள தசை வலுவிழக்கும்.

இந்த நோயின் வலி ஒரு தினுசானது. மூட்டில் வீக்கம் இருக்காது. இடுப்பெலும்பு, தொடை, விலா, கீழ்முதுகு என்று ஆழத்தில் குடையும். நடந்தால், பாரம் தூக்கினால் கூடும். வலியைவிடத் தசையின் பலவீனம்தான் நல்ல துப்பு. தரையில் உட்கார்ந்து அரிசி புடைத்துவிட்டுக் கையூன்றாமல் எழ முடிகிறதா? டவுன் பஸ்ஸின் முதல் படியில் ஏறக் கம்பியைப் பிடித்து உடம்பையே இழுக்க வேண்டியிருக்கிறதா? தலை சீவக் கையைத் தூக்கினால் தோள் சோர்ந்துவிடுகிறதா? முற்றிய நிலையில் இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து வாத்து போல நடப்பார்கள். “டிஸ்க் விலகியிருக்கு”, “வாதம்”, “மனசுதான் காரணம்” என்று மூன்று பட்டத்தையும் வாங்கிய பிறகு எங்களிடம் வந்து சேர்வார்கள். கட்டைவிரலால் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பின் முன்பக்கத்தையோ நெஞ்செலும்பையோ அழுத்தினால் முகம் சுளித்துக் காலை இழுத்துக்கொள்வார்கள். காசு செலவில்லாத சோதனைதான். அதற்காக அதை மட்டும் நம்பிவிடவும் கூடாது. உடம்பெல்லாம் தொட்டாலே வலிக்கிற வேறு நோய்களும் உண்டு.

எனவே உங்கள் டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இன்னொரு டி பரிசோதனை அல்ல. அல்கலைன் பாஸ்பட்டேஸ், கால்சியம், பாஸ்பரஸ், கிரியாட்டினின், முடிந்தால் பாராதைராய்டு ஹார்மோன். இவற்றில் முதலாவது மிக மலிவு. லிவர் பரிசோதனையோடு சேர்ந்தே வந்துவிடும். பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள், அது அதிகமாக வந்திருந்தும் யாரும் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாம். ஆஸ்டியோமலேசியாவில் அது பெரும்பாலும் ஏறியிருக்கும், பாராதைராய்டும் ஏறியிருக்கும். தேவைப்பட்டால் இடுப்புக்கு எக்ஸ்ரே. தொடை எலும்பின் கழுத்திலோ இடுப்புக்கூட்டிலோ லூஸர் கோடு எனப்படும் மெல்லிய கீறல்கள் தெரிந்தால் சந்தேகமே இல்லை. வலிப்புக்காக ஃபெனிட்டாயின் போன்ற மாத்திரையை நெடுநாள் சாப்பிடுகிறவரா, காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்டீர்களா, குடல் கோளாறு உண்டா என்பதையும் சொல்லுங்கள். இவை டி-யை இறக்கும். ரத்தசோகைக்கு நரம்பு வழியாக இரும்பு ஊசி திரும்பத் திரும்பப் போட்டிருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஊசிகளில் ஒரு வகை பாஸ்பரஸை வெகுவாக இறக்கிவிடும். அப்போது டி சரியாக இருந்தாலும் எலும்பு நோகும்.

நோய் அதுதான் என்று உறுதியானால் உங்களுக்கு நல்ல காலம் என்றே சொல்வேன். நாள்பட்ட வலி நோய்களில் இவ்வளவு மலிவான மருந்தில் முழுசாகக் குணமாகிறது வேறு எது? தசையின் பலம் சில வாரங்களில் திரும்பத் தொடங்கும். எலும்பு வலி அடங்க மாதங்கள் ஆகும், நாலு பாக்கெட்டில் தெரியாது. கூடவே கால்சியமும் போதுமான அளவு போக வேண்டும். டி மட்டும் கொடுத்துக் கால்சியத்தை மறந்தால் பாதி வேலைதான் நடக்கும்.

பாஸ்பட்டேஸ் சரியாக இருந்து, பலவீனமும் இல்லை என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை, வாத நோய்க்கான பரிசோதனைகள், மாதவிடாய் நிற்கும் வயதின் தூக்கமின்மை, பத்து மணி நேரம் குனிந்தபடி நின்றே செய்கிற வேலை. கடைசியாகச் சொன்னதுதான் உங்கள் ஊரில் நான் முதலில் சந்தேகப்படுவது.

எப்படியானாலும் மிச்சம் நாலு பாக்கெட்டையும் முடித்துவிடுங்கள். 11 என்பது எந்தக் கணக்கிலும் குறைவுதான், எலும்புக்காகவாவது அதைச் சரிசெய்ய வேண்டும். வாரம் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பின், வெறும் வயிற்றில் வேண்டாம்; இந்த வைட்டமின் கொழுப்பில் கரைவது. மூன்று மாதம் கழித்து அளவு 30-ஐத் தொட்டும் வலி குறையவில்லை என்றால் டி தன் வேலையைச் செய்துவிட்டது, வலிக்கு அது காரணம் இல்லை என்று அர்த்தம். இன்னும் பத்து சாஷே வாங்கிச் சாப்பிடுவதால் அது மாறாது.

கேள்வி: தினமும் அதிகாலை 5.30 முதல் 7 மணி வரை காவிரிக்கரையில் நடக்கிறேன். இளவெயில் படாத நாளே இல்லை. அப்படியும் என் வைட்டமின் டி 17. லேப் தவறா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 68, திருச்சி

பதில்: லேப் தவறு இல்லை ஐயா, நேரம் தவறு. இளவெயிலில்தான் சத்து என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். உடம்புக்கு இதமானது என்பது வாஸ்தவம். ஆனால் தோலில் வைட்டமின் டி-யை உருவாக்குவது புற ஊதாக் கதிரில் ‘பி’ வகை, அதாவது 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான அலைநீளம். சூரியன் சாய்வாக இருக்கும்போது அந்தக் கதிர் காற்றுமண்டலத்தை நீள வாட்டில் கடந்து வர வேண்டியிருப்பதால் வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. நமக்கு வெகு பக்கத்தில், திருப்பதியில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அங்கே தோலில் டி நன்றாக உருவாகும் நேரம் காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை. திருச்சிக்கும் கணக்கு பெரிதாக மாறாது. சுலபமான அடையாளம் வேண்டுமானால், உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரம்.

அதற்காகச் சித்திரை மாதத்து மத்தியானத்தில் போய் நிற்காதீர்கள். 68 வயதில் வெப்பத்தாக்கு வந்தால் வைட்டமின் டி வந்து காப்பாற்றாது. மார்கழி, தை மாதங்களில் 11 மணிக்கு மேல் கையும் காலும் தெரிய இருபது நிமிடம் மாடியில் நிற்கலாம். கருத்த தோலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், ஏனென்றால் தோலின் நிறமியே அந்தக் கதிரைத் தடுத்துக்கொள்கிறது. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்காருவதால் பயன் இல்லை, கண்ணாடி அதை விடாது. வயதாக ஆகத் தோலில் இதற்கான மூலப்பொருளும் குறைந்துகொண்டே போகும்.

வெயிலில் ஒரு நல்ல குணம் உண்டு. எவ்வளவு நேரம் நின்றாலும் அளவுக்கு மீறி டி சேராது, மிகுதியானதை அந்த வெயிலே சிதைத்துவிடும். மாத்திரைக்கு அந்தக் குணம் கிடையாது. ஆனாலும் உங்கள் வயதுக்கு நான் மாத்திரைப் பக்கம்தான் சாய்வேன். ஐ.சி.எம்.ஆர். 2020-இல் வயது வந்தோருக்குச் சொன்ன அளவு நாளொன்றுக்கு 600 யூனிட். உங்கள் அளவு 17 என்பதால் உங்கள் டாக்டர் ஒப்புக்கொண்டால் தினம் 1,000 யூனிட் போதும், 60,000 சாஷே அவசியமில்லை. அதிகாலை நடையை விட்டுவிடாதீர்கள். அது இதயத்துக்கு, சர்க்கரைக்கு, தூக்கத்துக்கு. டி-க்கு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், அவ்வளவுதான்.

கேள்வி: எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று ஒரு டாக்டர் சொன்னார். வயது 31, ஐ.டி. வேலை. இன்னொரு கிளினிக்கில் “அப்படி ஒரு நோயே இல்லை, எல்லாம் வைட்டமின் டி குறைவுதான்” என்று சொல்லி 6 லட்சம் யூனிட் ஊசியை வாரம் ஒன்றாக ஆறு வாரம் போடச் சொல்கிறார்கள். என் அளவு 19. போட்டுக்கொள்ளலாமா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 36 லட்சம் யூனிட். தினம் 600 யூனிட் வீதம் எடுத்தால் 16 வருடத்துக்கு மேல் வருகிற மருந்தை ஒன்றரை மாதத்தில் ஏற்றப் பார்க்கிறார்கள். அதுவும் 19-க்கு.

ஒரே அடியாகக் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வு இருக்கிறது. 70 வயதைத் தாண்டிய 2,256 பெண்களில் ஒரு பாதிக்கு வருடத்துக்கு ஒரு தடவை 5 லட்சம் யூனிட் வாய்வழியாகவும், மறு பாதிக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். எலும்பு முறிவு குறையும் என்றுதான் தொடங்கினார்கள். 2010-இல் முடிவு வந்தபோது, மருந்து சாப்பிட்டவர்கள் 15 சதவீதம் அதிகமாகக் கீழே விழுந்திருந்தார்கள், 26 சதவீதம் அதிகமாக எலும்பு முறிந்திருந்தது. நீங்கள் 31 வயதுக்காரர், அந்த ஆய்வு உங்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் “வைட்டமின்தானே, அதிகமானால் என்ன” என்கிற பேச்சுக்கு அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

ஃபைப்ரோமயால்ஜியா உண்டா, இல்லையா? உண்டு. ரத்தத்திலும் ஸ்கேனிலும் அகப்படாது என்பதால் இல்லை என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். மூளையும் தண்டுவடமும் வலியின் ஒலியைக் கூட்டி வைத்துக்கொள்ளும் நோய் அது. பரவலான வலியோடு அசதி, எத்தனை மணி நேரம் தூங்கினாலும் தீராத களைப்பு, கவனம் சிதறுவது எல்லாம் சேர்ந்து வரும். இதில் வைட்டமின் டி-க்கு ஒரு சிறு இடம் இருக்கலாம். வியன்னாவில் 30 பெண்களிடம் செய்து 2014-இல் வெளியான ஆய்வில், குறைந்திருந்த டி-யைச் சரிசெய்தபோது வலி ஓரளவு குறைந்தது. முப்பதே பேர். நம்பிக்கை தரும் செய்தி என்று வைத்துக்கொள்ளலாம், சிகிச்சை என்று சொல்ல அது போதாது.

நான் என்றால் உங்கள் 19-ஐச் சாதாரண அளவு மாத்திரையில் மெல்ல உயர்த்திவிட்டு, அடுத்த வேலையைப் பார்ப்பேன். 2016-இல் ஐரோப்பிய வாதநோய் மருத்துவக் கூட்டமைப்பு இந்த நோய்க்கான சிகிச்சைகளை எல்லாம் அலசியபோது, உறுதியாகப் பரிந்துரைத்தது உடற்பயிற்சி ஒன்றைத்தான். மருந்துகளுக்கெல்லாம் அடுத்த இடம். முதல் வாரம் ஐந்து நிமிட நடை, வலி கூடினாலும் கூடாவிட்டாலும் அதே ஐந்து நிமிடம், அடுத்த வாரம் ஏழு. வலி இல்லாத நாளில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு மூன்று நாள் படுத்துக் கிடப்பதுதான் பலரும் செய்வது. அமிட்ரிப்டிலின், டுலோக்ஸெட்டின், ப்ரீகாபலின் போன்ற மருந்துகள் சிலருக்கு உதவும். அதை முதலில் நோயைக் கண்டுபிடித்துச் சொன்ன டாக்டரிடமே பேசுங்கள். அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

கேள்வி: டொக்டர், நாங்கள் இருபது வருசமாய் ஒஸ்லோவில இருக்கிறம். அம்மாவுக்கு 66 வயது, இரண்டு முழங்காலும் நோ. இஞ்ச எடுத்த ரத்தப் பரிசோதனையில வைட்டமின் டி 32 எண்டு வந்தது. ஊரில இருந்து வாற புத்தகங்களில 30க்கு மேல இருந்தாக் காணும் எண்டு போட்டிருக்கு. பிறகு ஏன் இஞ்சத்தைய டொக்டர் டி குளிசை தந்தவர்? குளிசை போட்டால் முழங்கால் நோ மாறுமோ? – ஒரு வாசகி, ஒஸ்லோ

பதில்: உங்கள் டாக்டர் செய்தது சரி. இரண்டு நாட்டிலும் அளவுகோல் வேறு. இந்திய லேபுகள் ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று எழுதும். நோர்வேயில் லிட்டருக்கு இத்தனை நானோமோல். அங்கத்தைய எண்ணை இரண்டரையால் வகுத்தால் நம் கணக்கு வரும். அம்மாவின் 32 இங்கே எழுதியிருந்தால் 13 மட்டுமே. நல்ல குறைவு.

அம்மா தனி ஆள் இல்லை. இலங்கையர்களிடமே இதை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2008-இல் வந்தது. கண்டியில் வாழ்பவர்களின் சராசரி லிட்டருக்கு 54 நானோமோல் அளவில் இருந்தபோது, ஒஸ்லோவில் வாழும் இலங்கையர்களுக்கு 32-ஐ ஒட்டி இருந்தது. உங்கள் அம்மாவின் எண்ணேதான். ஒஸ்லோ இருக்கிற அட்சரேகையில் ஐப்பசியிலிருந்து பங்குனி வரை வெயில் அடித்தாலும் அதில் டி உருவாக்கும் கதிர் இருப்பதில்லை. நோர்வேக்காரர்கள் தலைமுறையாக மாரிகாலத்தில் ‘ட்ரான்’ என்ற மீன் எண்ணெயைக் கரண்டியில் குடிப்பது அதனால்தான். நம் ஆட்கள் அங்கே போய்ச் சோற்றையும் குழம்பையும் விடவில்லை, ட்ரானையும் தொடவில்லை. ஐரோப்பாவின் குளிருக்குப் போன தெற்காசியர்களுக்கு இது புதிதும் இல்லை. 1960களின் தொடக்கத்திலேயே ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் குடியேறிய பாகிஸ்தானியர்களிடம் ஆஸ்டியோமலேசியாவைக் கண்டு எழுதினார்கள். பிறகு சப்பாத்தி மாவில் வைட்டமின் டி கலந்து கொடுத்துப் பார்த்த அளவுக்கு அது பெரிய பிரச்சினையாக இருந்தது.

இனி முழங்கால். அந்த நோ குளிசையால் மாறும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் ஊரிலேயே, ஆசியா, ஆப்பிரிக்கா, மத்திய கிழக்கிலிருந்து வந்து குடியேறிய 251 பேரிடம் செய்த ஆய்வு 2014-இல் வெளியானது. ஆரம்பத்தில் அவர்களுக்கு டி மிகவும் குறைவு. 16 வாரம் தினமும் 1,000 யூனிட் கொடுத்ததில் ரத்த அளவு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. உடம்பு வலியும் தலைவலியும் வெறும் குளிசை சாப்பிட்டவர்களைவிடக் குறையவில்லை. முழங்கால் தேய்மானத்துக்கென்றே ஆஸ்திரேலியாவில் டி குறைவான 413 பேருக்கு மாதம் 50,000 யூனிட் வீதம் இரண்டு வருடம் கொடுத்தார்கள். 2016-இல் வந்த முடிவு: வலியிலும் வித்தியாசம் இல்லை, குருத்தெலும்பின் தேய்விலும் இல்லை.

அம்மா குளிசையைத் தொடரட்டும், அது எலும்புக்கு. முழங்காலுக்குத் தொடையின் முன்தசையைப் பலப்படுத்துகிற பயிற்சிதான் மருந்து. கதிரையில் இருந்தபடி காலை நேரே நீட்டிப் பத்து எண்ணும்வரை பிடித்து இறக்குவது, கையூன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி இருப்பது. எடை கூடுதலாக இருந்தால் நாலைந்து கிலோ குறைத்தாலே மாற்றம் தெரியும். ஒன்று மட்டும் கவனியுங்கள். கையூன்றாமல் எழும்ப முடியாமல் இருப்பது முழங்கால் நோவாலா, தொடையில் பலம் இல்லாததாலா? பலம் இல்லாததால் என்றால் மேலே திருப்பூர் வாசகிக்குச் சொன்ன பரிசோதனைகளை அங்கத்தைய டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: வீட்டில் எல்லோருக்கும் மாஸ்டர் செக்கப் எடுக்கப் போகிறோம். வைட்டமின் டி-யும் சேர்த்துக்கொள்ளலாமா? – ஆர்.கே., மதுரை

பதில்: வேண்டியதில்லை. நோய் எதுவும் இல்லாத பெரியவர்களுக்குப் பொத்தாம்பொதுவாக டி பார்க்க வேண்டாம் என்று அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவச் சங்கமே 2024-இல் சொல்லிவிட்டது. 30-க்குக் கீழ் இருந்தால் போதாது என்று 2011-இல் எழுதியதும் அதே சங்கம்தான். அந்த 30-ஐயும் இப்போது கைவிட்டுவிட்டார்கள். லேப் ரிப்போர்ட்டுகளில் மட்டும் அது இன்னும் சிவப்பு எழுத்தில் வந்துகொண்டிருக்கிறது. எலும்பு வலி, தசை பலவீனம், லேசாக விழுந்தாலே முறிவு, சிறுநீரக நோய், குடல் நோய், எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை, வலிப்பு மாத்திரை, இவற்றில் ஏதாவது உள்ளவர்கள் பார்த்தால் போதும். பார்க்கிறபோது 25-ஹைட்ராக்சி என்ற வகையைப் பாருங்கள். 1,25 என்று ஆரம்பிக்கும் இன்னொன்று விலையும் அதிகம், குறைவு இருந்தாலும் சரியாக இருப்பதுபோல் காட்டிவிடும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். உணவிலேயே வைட்டமின் டி கிடைக்க வழி இல்லையா? – ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: அசைவக்காரர்களுக்கே அதிகம் இல்லை. மத்தி, கானாங்கெளுத்தி, முட்டையின் மஞ்சள் கரு, இவ்வளவுதான் அவர்களுக்கும். சைவத்தில் வெயிலில் காயவைத்த காளானில் டி2 வகை உண்டு. வைட்டமின் ஏ, டி சேர்த்தது என்று அச்சிட்ட பால் பாக்கெட்டுகள் வருகின்றன, வாங்கலாம். ஆனால் சட்டப்படி அதில் சேர்ப்பது லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட்தான். நாளுக்கு அரை லிட்டர் குடித்தாலும் தேவையில் கால் பங்கு எட்டுவது கஷ்டம். உணவில் நீங்கள் கவனிக்க வேண்டியது கால்சியம். தயிர், மோர், கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை தாராளமாகச் சேருங்கள். கால்சியம் போதுமான அளவு உள்ளே போனால், இருக்கிற டி-யும் சீக்கிரம் செலவாகாது.

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. முதுகு வலிக்காக 60,000 யூனிட் சாஷே எழுதிக் கொடுத்தார்கள். வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டு இரண்டு மாதமாகச் சாப்பிட்டிருக்கிறார். மெடிக்கல் ஷாப்பிலும் கேள்வி கேட்காமல் கொடுத்திருக்கிறார்கள். பத்து நாளாகச் சாப்பாடு வேண்டாம் என்கிறார், குமட்டல், மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர். பேச்சும் கொஞ்சம் தடுமாறுகிறது. சாஷேயை நிறுத்தினால் சரியாகிவிடுமா? – பி.எஸ்., விழுப்புரம்

பதில்: இந்தக் கேள்வியை அச்சில் பதில் வரும்வரை வைத்திருக்கக் கூடாது என்பதால் ஆசிரியர் குழு உங்களை அன்றே தொலைபேசியில் அழைத்து அப்பாவை மருத்துவமனையில் சேர்க்கச் சொல்லிவிட்டது. மற்ற வாசகர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

இது வைட்டமின் டி நஞ்சாவது. அளவு மீறிய டி, ரத்தத்தில் கால்சியத்தைத் தாறுமாறாக ஏற்றிவிடும். குமட்டல், மலச்சிக்கல், தாகம், சிறுநீர் அதிகமாவது, குழப்பம், கடைசியில் சிறுநீரகம் பழுதாவது, எல்லாம் அந்தக் கால்சியத்தின் வேலை. வயதானவர்களிடம் இதை மறதி நோய் என்றோ வயிற்றுக் கோளாறு என்றோ நினைத்து நாளைக் கடத்திவிடுவது உண்டு. நிறுத்தினால் மட்டும் போதாது, ஏனென்றால் கொழுப்பில் சேர்ந்துவிட்ட டி வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வெளியே வந்துகொண்டே இருக்கும். கால்சியமும் கிரியாட்டினினும் உடனே பார்த்து, நரம்பு வழியாக நீர் ஏற்றி, தேவையானால் கால்சியத்தை இறக்கும் மருந்தும் கொடுக்க வேண்டும். கால்சியம் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்த வேண்டும்.

சாஷே எழுதிக் கொடுக்கிற டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘வாரம் ஒரு முறை’ என்று தமிழில் எழுதுங்கள், கிழமையையும் எழுதுங்கள். மருந்துக்கடைக்காரர்கள் ஒரு தடவைக்கு நாலு பாக்கெட்டுக்கு மேல் தராதீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், இன்றைக்கே அவர்களுடைய மருந்து டப்பாவைத் திறந்து, இந்த சாஷே எத்தனை காலியாகியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.